பிரேக்கிங் நியூஸ் அங்கிள் வீட்டு ரேடியோ

வெங்கடாசலத்துக்கு வேலை போன மூன்றாவது வாரம் அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது. கையடக்கமான கறுப்பு ரேடியோ. தலையில் ஒரு குட்டை ஆன்டெனா, நெற்றியில் தீப்பெட்டி அளவுத் திரை. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லோரும் தங்களுக்குள் பேசிக்கொள்வதை வீட்டில் உட்கார்ந்தே கேட்கலாம். அதற்குப் பெயர் ஸ்கேனர். அதில் திருப்பிப் பேச முடியாது. அந்தக் குறையை வெங்கடாசலம் வாட்ஸ்அப்பில் தீர்த்துக்கொண்டார்.

அவர்கள் இருந்தது பிஸ்கட்டவேயை ஒட்டிய ஒரு சின்ன ஊர். வரிசையாக டவுன்ஹவுஸ், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், சுவருக்குள் மரச்சட்டமும் அட்டையும். சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களில் போலீஸ் தங்கள் பேச்சை வெளியாட்களுக்குக் கேட்காதபடி பூட்டிவிட்டிருந்தார்கள். இந்த ஊர் இன்னும் பூட்டவில்லை. இதைக் கண்டுபிடித்த நாளில் வெங்கடாசலத்துக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் பெட்டியைத் திறந்து மூன்று நாள் முட்டி மோதியும் அதிலிருந்து கரகரவென்ற இரைச்சலைத் தவிர ஒரு சொல் வரவில்லை. பழைய ரேடியோ மாதிரி குமிழைத் திருகினால் பேசும் சாதி இல்லை இது. டவரின் எண் வேண்டும், எந்தத் துறை எந்த எண்ணில் பேசுகிறது என்று ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் எழுதி உள்ளே ஏற்ற வேண்டும். இருபத்தாறு வருஷம் மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர் அவர். தானாக ஒன்றை எழுதச் சொன்னதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எழுதியவள் அவர் மனைவி நாகமணி.

கோபிச்செட்டிப்பாளையத்தில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து, ஈரோட்டில் இரண்டு வருஷம் வேலையும் பார்த்தவள். கல்யாணம் செய்து இங்கே வந்தபின் வேலைக்குப் போக அனுமதியில்லாத மனைவி விசாவில் பதினோரு வருஷம் சும்மா உட்கார வைக்கப்பட்டாள். கிரீன் கார்டு வந்தபோது அவள் படித்த படிப்பு பழசாகிவிட்டது. இப்போது பள்ளிக்கூட கேன்டீனில் மதியம் மூன்று மணி நேரம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறாள். அவர் குப்பையில் எறிந்த கையேட்டை அவள் எடுத்துப் படித்தாள். இரண்டே நாளில் முந்நூற்றுச் சொச்சம் எண்களை அடித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து ஏற்றிவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் ரேடியோ பேசியது. ஒரு பெண்குரல் தெளிவாக ஏதோ தெருப் பெயர் சொன்னது. நாகமணிக்கு உடம்பு சிலிர்த்தது. வருஷக்கணக்கில் அவள் அனுபவிக்காத சந்தோஷம் அது.

"நான் புரோகிராம் பண்ணிட்டேன்," என்று வெங்கடாசலம் அன்றைக்கே குரூப்பில் போட்டார். இருநூறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது. எரிந்து என்ன செய்ய?

அந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் இருந்த குரூப் அது. ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கிவிட்டுப் போன மாமனார் மாமியார்கள்கூட அதிலிருந்து வெளியேறாமல் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கே கார் மோதியது, எவர் வீட்டு அலாரம் அடித்தது, எவருக்கு நெஞ்சுவலி, எல்லாம் பத்து நிமிஷத்துக்குள் வெங்கடாசலம் உபயம். பிள்ளைகள் அவருக்கு பிரேக்கிங் நியூஸ் அங்கிள் என்று பெயர் வைத்தார்கள். கிண்டல் என்று அவருக்குப் புரியவில்லை. பட்டம் என்று நினைத்துக்கொண்டார்.

ஜூலையில் வேலுமணி வீட்டுக்குப் போலீஸ் போனது. புருஷன் பெண்டாட்டி சண்டை என்று ரேடியோ சொன்னது; வீட்டு எண்ணையும் சொன்னது. வெங்கடாசலம் இரண்டையும் எழுதி, கும்பிடும் கை ஒன்றையும் சேர்த்து அனுப்பினார். மறுநாள் கோயிலில் பிரசாத வரிசையில் நின்றவர்கள் பேசியதெல்லாம் அதுதான். வேலுமணியை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் மனைவி வசந்தாமணியைத்தான் மேலும் கீழும் பார்த்தார்கள். அவள் இப்போது கோயிலுக்கு வருவதில்லை. எதிரே கடையில் கண்டாலும் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாள்.

நாகமணி அந்த மாதம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த எண்ணுக்குப் 'போலீஸ் டிஸ்பாட்ச்' என்று பெயர் அடித்தது அவள் விரல்.

பக்கத்து வீட்டில் அனிருத், விஷாகா. முப்பது வயதைத் தொட்ட சென்னை ஜோடி. அனிருத் ஞாயிற்றுக்கிழமைகளில் பீர் பாட்டிலோடு வந்து வெங்கடாசலத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேனர் கேட்பான். "அங்கிள், யூ ஆர் எ லெஜண்ட்," என்பான். விஷாகா வெளியே வருவதே குப்பைத் தொட்டியைத் தள்ளி வைக்கத்தான். ஆகஸ்ட் வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வருவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கை சற்று மேலேறியது. உள்ளே கன்றிப்போயிருந்த நீலத்தை நாகமணி பார்த்துவிட்டாள். விஷாகாவும் அவள் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.

"நான் கூப்பிட்டுச் சொல்லட்டுமா கண்ணு? போலீசுக்கு?"

"ஐயோ ஆன்ட்டி, ப்ளீஸ், வேணாம்." விஷாகா குப்பைத் தொட்டியின் கைப்பிடியை விடவில்லை. "அவனே சொல்றான். கூப்பிடு, கூப்பிட்டுப் பாரு, பத்து நிமிஷத்துல அங்கிள் குரூப்ல போடுவாரு, எங்கம்மா படிப்பாங்கன்னு. மாமியார் அந்த குரூப்ல இருக்காங்க ஆன்ட்டி. படிச்ச உடனே எங்கப்பாவுக்கு ஃபோன் பண்ணி, உங்க பொண்ணு என் பையனைப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்துட்டான்னு அழுவாங்க. அப்பா அதைத்தான் நம்புவாரு. போன தடவை நான் சொல்ல ஆரம்பிச்சப்பவே அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு ஃபோனை வெச்சிட்டாரு."

"அப்ப என்னதான் பண்றது?"

"எதுவா இருந்தாலும் அப்பாகிட்ட முதல்ல நான் சொல்லணும் ஆன்ட்டி. என் வாயால. அவங்க சொல்றதுக்கு முன்னாடி. அது மட்டும் நடந்தா, மத்ததை நான் பாத்துப்பேன். வசந்தாமணி ஆன்ட்டி மாதிரி என்னால ஆக முடியாது."

நாகமணி தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தாள். சோபாவில் கிடந்த அந்தக் கறுப்புப் பெட்டி யாரோ ஒரு முதியவர் குளியலறையில் விழுந்துவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. அந்த அனிருத் பயல் அவள் எழுதி ஏற்றியதையே தன் வீட்டுக்குக் காவல் போட்டு வைத்திருக்கிறான்!

அடுத்த ஞாயிறு மாலை நாலு மணி. நல்ல வெயில். வெங்கடாசலம் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி, மடியில் ஃபோனும் பக்கத்தில் ஸ்கேனரும் முறுக்குத் தட்டுமாக இருந்தார். சுவருக்கு அப்பால் ஏதோ கனமாக விழுந்தது. பிறகு அனிருத்தின் குரல். பிறகு விஷாகாவின் குரல், ஒரே ஒரு "வேணாம்". அதன்பின் சுவரே அதிர்ந்தது. மாட்டியிருந்த காலண்டர் ஆடி நின்றது.

வெங்கடாசலம் கையை நீட்டி ஸ்கேனரின் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டினார்.

நாகமணி அந்தக் கையையே பார்த்தாள். அவளுக்கு முன்பு குடியிருந்த பார்சிப்பனி ஞாபகம் வந்தது. தொண்ணூற்றொன்பது நவம்பர், மூன்றாம் மாடி அபார்ட்மென்ட். மேல்படிப்புக்கு விண்ணப்பம் ஒன்றை அவள் அவரைக் கேட்காமல் வரவழைத்திருந்தாள். அவர் அதை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு அவளை அறைந்தார். ஒன்றோடு நிற்கவில்லை. அவள் அலறியபோது சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் கூடியது. மறுநாள் துணி துவைக்கும் அறையில் அந்த வீட்டு அம்மாள், நாகமணி ஒன்றும் சொல்லாமலே, "நேத்து டிவி ஓடிண்டிருந்தது, எங்களுக்கு ஒண்ணும் காதுல விழலை," என்றாள்.

"ஏனுங்க, காதுல விழுகுதுங்களா?" என்று நாகமணி அவரைக் கேட்டாள்.

"விழுகுது. அவிய குடும்பம். நமக்கெதுக்கு?"

"வேலுமணி அண்ணன் வீடும் அவிய குடும்பந்தானுங்களே. அதை மட்டும் எதுக்குக் குரூப்புல போட்டீங்க?"

"அது போலீஸ் ரேடியோல வந்தது. பப்ளிக் இன்ஃபர்மேஷன். உனக்கு இதெல்லாம் புரியாது, சும்மா கெட."

புரியாது! நாகமணி பல்லைக் கடித்துக்கொண்டாள். குனிந்து ஸ்கேனரை எடுத்தாள்.

"பேட்டரி இறங்கிருச்சுங்க. மாத்திக் கொண்டாரேன்."

அவர் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஸ்கேனருக்குப் பேட்டரி மாற்றுவதும் அவருக்குக் காபி கொண்டுவருவதும் அந்த வீட்டில் ஒரே கணக்கு.

சமையலறை மேடையில் வைத்துப் பட்டியலைத் திறந்தாள். முழுசாக அணைத்தால் அவர் கத்துவார், தோண்டுவார். அது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் இந்தத் தெருவைப் பற்றிப் பேசக் கூடாது. அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. அவாய்ட். எந்தச் சேனலில் நின்று அதை இரண்டு முறை அழுத்துகிறோமோ, அந்தச் சேனலை ரேடியோ அப்புறம் தொடாது, நாமே மறுபடி சேர்க்கும்வரை. வெங்கடாசலம் அந்தப் பட்டனை இதுவரை தொட்டதில்லை. எதையும் தவிர்க்கும் மனிதரா அவர்?

போலீஸ் டிஸ்பாட்ச். இரண்டு முறை. போலீஸ்காரர்கள் காருக்குக் கார் பேசிக்கொள்வது. இரண்டு முறை. கை நின்றது. அடிபட்டிருந்தால் ஆம்புலன்ஸை அழைப்பார்கள், அதிலும் வீட்டு எண் வருமே. ஆம்புலன்ஸ். இரண்டு முறை. தீயணைப்பையும் சாலைத் துறையையும் விட்டு வைத்தாள். மூன்று சேனலுக்கும் பெயர் வைத்தவள் அவள்தான். அவற்றின் வாயைக் கட்ட அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ரேடியோவைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தாள். அது உடனே எங்கோ ஒரு சாலையில் மரம் சாய்ந்து கிடப்பதைச் சொன்னது. வெங்கடாசலம் திருப்தியாக ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

அவள் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு 911 அடித்தாள். முகவரி சொன்னாள். ஒரு பெண்ணை அவள் கணவன் அடிக்கிறான், இது முதல் முறை இல்லை என்றாள். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம் என்றது எதிர்முனை.

"நோ. ரைட் மை நேம்," என்றாள் நாகமணி. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். கணவர் பெயரையும் சேர்த்தே சொன்னாள்.

ஆறு நிமிஷத்தில் இரண்டு கார்கள் வந்தன. சைரன் இல்லை, விளக்கு மட்டும் சுழன்றது. வெங்கடாசலம் ஜன்னலில் அதைப் பார்த்துவிட்டு ஸ்கேனரைப் பார்த்தார். அது இன்னும் மரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. வாழ்க்கையிலேயே மிகப் பெரிய செய்தி அவர் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது; ரேடியோ அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை! அவர் அதைக் குலுக்கினார், தட்டினார், ஆன்டெனாவைத் திருகினார். அதைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு ஓடினார்.

அனிருத்தைக் கைகளைப் பின்னால் பூட்டி நடத்திக் கொண்டுவந்தார்கள். அவன் வெங்கடாசலத்தைக் கண்டதும் நின்றான்.

"அங்கிள், யாரு கூப்பிட்டா? ரேடியோல என்ன வந்தது?"

"ஒண்ணும் வரலியேப்பா," என்றார் அங்கிள். அழுதுவிடுவார்போல் இருந்தது.

"நான்தான் கூப்பிட்டேன்," என்று பின்னாலிருந்து நாகமணி தமிழிலேயே சொன்னாள்.

அனிருத் அவளைப் பார்த்த பார்வையில் வேறு எந்த நாளானாலும் அவள் உள்ளே ஓடியிருப்பாள். இன்று நின்ற இடத்திலேயே நின்று திருப்பிப் பார்த்தாள். போலீஸ்காரர் அவன் தலையைக் குனிய வைத்துக் காரில் ஏற்றினார்.

உதடு கிழிந்திருந்த விஷாகாவை ஆம்புலன்ஸ்காரர்கள் பார்த்து மருந்து போட்டார்கள். அதிகாரி நாகமணியிடமும் பெயர் கேட்டு, எழுத வேண்டியதையெல்லாம் எழுதிக்கொண்டு போனபோது மணி ஐந்து. விஷாகாவைக் கூட்டிப்போகப் பக்கத்து ஊரான எடிசனிலிருந்து அவள் தோழி காரில் கிளம்பிவிட்டாள். தோழி வரும்வரை நாகமணி விஷாகாவைத் தன் சமையலறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"இப்ப அங்க ரெண்டரை மணி ஆன்ட்டி," என்றாள் விஷாகா. "மாமியார் அஞ்சு மணிக்கு எழுந்துப்பாங்க. எழுந்த உடனே ஃபோனைத்தான் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும். அதுல ஒண்ணும் இருக்காது. நீ அப்பாவைக் கூப்பிடு," என்று சொல்லிவிட்டு நாகமணி ஹாலுக்கு வந்தாள்.

வெங்கடாசலத்தின் ஃபோன் விடாமல் டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது. அங்கிள், உங்க தெருவுல ரெண்டு போலீஸ் கார்? அங்கிள், என்ன விஷயம்? பிரேக்கிங் நியூஸ் அங்கிள் தூங்கிட்டாரா? அவர் முகம் சிவந்து போயிருந்தது.

"ஏன்டி, ரேடியோவை என்ன பண்ணித் தொலைச்ச?"

"மூணு சேனலை வாய மூட வெச்சேனுங்க. நான் எழுதுனது, நானே நிறுத்துனேன்."

"போலீசுக்குப் பேரு வேற குடுத்திருக்கே! நாளைக்கு கோர்ட்டுல வந்து நில்லும்பான். ஊரெல்லாம் என்ன பேசும்? என் மானத்தை வாங்கறதுக்குன்னே வந்து வாச்சிருக்கியா?"

"கோர்ட்டுக்குக் கூப்பிட்டா நான் போறேனுங்க. நீங்க வர வேண்டாம்."

"ரேடியோ இல்லாட்டி எனக்குக் கண்ணில்லையா? நானே பார்த்தேன். பார்த்ததைப் போடறேன்." அவர் ஃபோனை எடுத்து ஆள்காட்டி விரலால் அடிக்க ஆரம்பித்தார். அனிருத் என்று பெயரும் அடித்துவிட்டார்.

நாகமணி தன் ஃபோனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அதே குரூப். கீழே அவள் தமிழில் அடித்து வைத்திருந்தது அனுப்பப்படாமல் நின்றது. *1999 நவம்பர், பார்சிப்பனி. படிக்க விண்ணப்பம் வாங்கியதற்காக வெங்கடாசலம் என்னை அடித்தார். காது ஒரு வாரம் கேட்கவில்லை. போலீசை யாரும் கூப்பிடவில்லை. நாகமணி.* போலீஸ் வரக் காத்திருந்த ஆறு நிமிஷத்தில் கராஜில் நின்றபடி அவள் எழுதியது அது.

அவர் அதை இரண்டு தரம் படித்தார்.

"ஒரே ஒரு தடவை," என்றார். குரல் இறங்கிவிட்டது. "இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு நாகு. அதை இன்னுமா..."

"ஒரே ஒரு தடவைதானுங்க. அதுக்கப்புறம் உங்களைக் கேக்காம நான் ஒரு காகிதம் வாங்குனதில்லை. அந்த ஒரு தடவையே போதுமா இருந்துச்சு."

"யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"என்னைப் பார்த்து என்ன நினைப்பாங்களோ, வசந்தாமணியைப் பார்த்து என்ன நினைச்சாங்களோ, அதேதான். இந்தத் தடவை உங்களையும் சேர்த்து நினைக்கட்டும். நீங்க அனுப்புனீங்கன்னா அடுத்த செகண்டு நானும் அனுப்புவேன். கையெழுத்தோட எழுதியிருக்கேன் பாருங்க."

வெங்கடாசலம் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்த முகத்தில் மிரட்டல் ஒன்றும் இல்லை. நிஜமாகவே அனுப்பிவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவர் அடித்ததையெல்லாம் ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். ஃபோன் மறுபடி டிங் என்றது.

"கேட்டுட்டே இருக்காங்க," என்றார். "நான் என்னதான் பதில் போடறது?"

"போடுங்க. ரேடியோ ரிப்பேரு, எனக்கு ஒண்ணும் காதுல விழலைன்னு போடுங்க."

அவர் அடித்தார். அவள் குனிந்து படித்துப் பார்த்துவிட்டு, அனுப்புங்க என்றாள். போன வேகத்தில் நாலைந்து பேர் படித்துவிட்டு அழுமூஞ்சிப் பொம்மை போட்டார்கள். அப்புறம் குரூப்பில் எவரோ திருமணநாள் வாழ்த்துச் சொல்ல, எல்லோரும் அதன் பின்னால் போய்விட்டார்கள்.

சமையலறையில் விஷாகாவின் ஃபோன் வெகுநேரம் அடித்தது. சென்னையில் ஒரு தூக்கக் குரல் எடுத்தது. நாகமணி நடந்துபோய் ஸ்கேனரின் சத்தத்தைச் சுழியத்துக்கு இறக்கினாள்.

"அப்பா, நான்தான்," என்றாள் விஷாகா. "பயப்படாதீங்க, உயிரோடதான் இருக்கேன். இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், கேளுங்க. இந்தத் தடவை நான் முழுசா சொல்லி முடிச்சிடறேன்."